ஸ்பேர் டயரோடு கிடந்த சப்பாத்து

ஐயா, இதை உட்கார்ந்து படி. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். குரலைப் பதிவு செய்து அனுப்பலாம் என்றால், நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறவன். ஒருநாள் என் முன்னாலேயே அப்படிக் கேட்டாய். என் குரல் எனக்கே கோழி கத்துகிற மாதிரி இருந்தது. இப்போது சொல்லப்போவதை அந்த வேகத்தில் நீ கேட்கக் கூடாது. அந்த வேகத்தில் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. பள்ளிக்கூட கேன்டீனில் விடிந்ததிலிருந்து நின்றுவிட்டு வந்து, இரண்டு பாதத்தையும் வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதினால் எப்படிக் குடும்பம் நடத்த வேண்டும், எப்படி விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் புத்தி சொல்லுவாள். எனக்கு அலுப்பாக இருக்கிறது, ஐயா. யாருக்கும் புத்தி சொல்லும் நிலைமையில் நான் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான். உன் ஷாமினியின் சப்பாத்து என்னிடம் இருக்கிறது. மெரூன் நிறம், பக்கத்தில் வெண்ணெய் நிறக் கோடுகள், அடியில் தேன் நிற ரப்பர். கோயிலில் தொலைந்து போனது என்று எல்லாரும் சேர்ந்து தேடினோமே, அதே சப்பாத்து. அதை எடுத்தது யார் என்றும் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கும் அது தெரிய வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். நீ கம்பெனிப் பயிற்சிக்கு ஜொகூர் போனபோது காரை வீட்டில் விட்டுப் போனாய். படகு வரும் நேரம் பார்த்து சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்கலாம் என்று அப்பா உன் காரை எடுத்தார், நானும் கூடப் போனேன். பாதி வழியில் பின் டயரில் காற்று போய்விட்டது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே பின் போனட்டைத் திறந்து, டயரை மூடியிருந்த அட்டையைத் தூக்கினார். ஸ்பேர் டயரின் நடுப்பள்ளத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை, இறுக்கி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. "என்னாது இது, செத்த எலியா?" என்று கேட்டுக்கொண்டே அவிழ்த்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தால், கையில் அந்தச் சப்பாத்து. ஒரு கயிறு அவிழ்ந்து தொங்கியது. அவர் என்னைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், பிறகு பையை மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். "இருந்த எடத்துலயே வச்சிரலாம். பையன்கிட்ட ஒண்ணும் கேக்காத. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்" என்றார். நான் பையை அவர் கையிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஸ்பேர் டயரை மாட்டி முடித்ததும், மீன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினோம்.

திங்கட்கிழமை நீ காரை எடுக்க வந்தாய். "டயர் பஞ்சர், ஸ்பேர் போட்டிருக்கேன், பாத்து ஓட்டு" என்று அப்பா சொன்னதும் உன் முகம் போன போக்கை நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஏதாவது இருந்ததா என்று நீ கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டாய். அன்றிலிருந்து நீ என்னைக் கூப்பிடவும் இல்லை. எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். இப்படியே கண்டும் காணாமல் இருந்து, கல்யாணமும் முடிந்து, அந்தச் சப்பாத்தும் மறந்துபோகும் என்று நினைக்கிறாய். மறக்காது, ஐயா. மறக்கவே மறக்காது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவள் நம் வீட்டுக்கு முதல்முதலாக வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வழக்கம்போல் குதிகாலால் குதிகாலை மிதித்துச் சப்பாத்தை உதறிவிட்டு, ஒன்று இங்கே ஒன்று அங்கே கிடக்க, உள்ளே போய்விட்டாய். அவள் வாசல் படியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். நம் வீடுகளுக்குக் கயிறு கட்டுகிற சப்பாத்து பெரிய தொல்லை, வீட்டுக்கு வீடு கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். அதனால்தான் நானெல்லாம் வாழ்நாள் முழுக்க ரப்பர் சிலிப்பரோடு காலத்தை ஓட்டிவிட்டேன். அவளுக்கு அந்த அவசரமே இல்லை. அவிழ்த்து, கயிற்று நுனியைச் சப்பாத்துக்குள்ளேயே போட்டு, ஆள் நடக்கிற வழியில் இல்லாமல் பூச்சட்டிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு எழுந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சாரி ஆன்ட்டி, லேட்டாயிருச்சு, இது கழட்ட கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நான் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். எங்கே வலிக்கிறது, காலையில் எழுந்ததும் கூடுதலாக இருக்கிறதா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் சப்பாத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "போட்டுப் பாருங்க ஆன்ட்டி. என் சைஸ்தான் உங்களுக்கும்." எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஐயோ, பந்து விளையாடுற சப்பாத்து, எனக்கு என்னாத்துக்கு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இது பழைய டிசைன் ஆன்ட்டி. அந்தக் காலத்துல ஃபுட்பால் பிளேயர்ஸ் டிரெய்னிங்குக்குப் போட்டது. இப்ப லேடீஸ்தான் அதிகமா போடுறாங்க லா. நான் இத போட்டு ஒரு பந்தக்கூட ஒதச்சதில்ல" என்றாள். தரையில் உட்கார்ந்து அவளே எனக்குக் கயிறு கட்டிவிட்டாள். நான் கேட்டிலிருந்து துணி காயப்போடுகிற கம்பி வரைக்கும் போய்த் திரும்பினேன். தடிமனான அடியும் இல்லை, உயரமும் இல்லை, மெல்லிசாகப் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பக்கத்து வீட்டு காக் ரோஸ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "அம்போய்! சுடா மூடா!" என்று கத்தினாள், வயசு குறைந்துவிட்டதாம் எனக்கு. அவ்வளவு சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா. நீ சோபாவில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகுதான் நான் ஊர்க்காரிகளின் கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கோல சிலாங்கூரில் இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். கிளினிக்கில் ஊசி போடுகிற பெண், மலாய்க்காரர்களின் பாஜு கூரோங் பாவாடைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு வரும் எங்கள் பள்ளிக்கூட டீச்சர், பாசிர் பெனம்பாங் கடையில் நண்டுத் தட்டு தூக்குகிற சீனப் பெண், சுடிதாருக்குப் போட்டுக்கொண்டு கைப்பிள்ளையோடு இரவுச் சந்தைக்கு வரும் நம் பிள்ளைகள். பச்சை, நீலம், மஞ்சள், மெரூன் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். ஆனால் எல்லாம் அதே சப்பை மூக்கு, அதே கோடு, அதே தேன் நிற அடி. எல்லாரும் பந்துச் சப்பாத்து போட்டிருக்கிறார்கள், ஒருத்தியும் மைதானத்துப் பக்கம் போவதில்லை. வேலைக்கு ஓடுகிறார்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் காலத்தில் அழகாக இருக்க வேண்டும் என்றால் வலிக்க வேண்டும். இவர்களுக்கு அழகாகவும் இருக்கிறது, காலும் பிழைத்துக்கொள்கிறது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அப்புறம் ராசா டவுனில் இருக்கிற உன் அத்தை வீட்டுக்குப் போனோம், பெண்ணைக் காட்ட. ஷாமினி கடுகு மஞ்சள் காட்டன் சேலை கட்டி, கொஞ்சம் தூக்கிக் கட்டி, அந்த மெரூன் சப்பாத்தோடு காரிலிருந்து இறங்கினாள். கண்ணுக்கு நிறைவாக இருந்தாள். அத்தை வாசலில் நின்று மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்துவிட்டு, "என்னா, பொண்ணு பந்து விளையாட வந்துச்சா? கோல்கீப்பர் யாரு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஷாமினியும் சிரித்தாள். "நீங்க நில்லுங்க அத்த, நான் ஒதைக்கிறேன்" என்றாள். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரிக்காத ஆள் நீ ஒருத்தன்தான். உன் காது மடல் சிவந்துபோயிருந்தது. உன்னை யார் என்ன சொன்னார்கள்? உன்னைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

நானும் யோசித்துப் பார்த்தேன். நீ போடுவது மட்டும் என்ன சப்பாத்து? வெள்ளிக்கிழமை ஃபுட்சால் விளையாடுகிறாயே, அதே சப்பாத்தோடு மாமாக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகிறாய், பேங்குக்குப் போகிறாய், ஷாமினியின் அப்பா அம்மாவைப் பார்க்கப் போனபோதுகூட அதோடுதான் போனாய். வாசலில் கழற்றினால் தெரு முழுக்க நாறும். அவர்கள் வீட்டில் யாராவது மாப்பிள்ளை பந்து விளையாட வந்தாரா என்று கேட்டார்களா? காபி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள், "பிள்ள சுறுசுறுப்பா இருக்காரு" என்றார்கள். நிஜமாகவே பந்தை உதைக்கிற உன் சப்பாத்து மரியாதையாகப் போகலாம். பந்தையே பார்க்காத அவள் சப்பாத்துதான் உன் மானத்தை வாங்கிவிட்டது! போடா.

சரி, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. "எனக்கு வெக்கமா இருக்கு, சேலைக்கு இது வேணாம்" என்று நேராக அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் சண்டை போட்டிருப்பாள், நீயும் போட்டிருப்பாய், கடைசியில் யாராவது ஒருவர் இறங்கி வந்திருப்பீர்கள். ஆனால் நீ என்ன செய்தாய்? அடுத்த வாரம் ஷாமினி எனக்குப் போன் செய்தாள். சும்மா அது இது என்று பேசிவிட்டு, ரொம்பத் தயங்கிக் கேட்டாள். "ஆன்ட்டி, நான் அந்தச் சூ போடுறது உங்களுக்குப் பிடிக்கலையா? நேரா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." கம்பி வரைக்கும் நடந்து திரும்பியவள் நான்தானே. "யார்மா சொன்னா உனக்கு?" என்று கேட்டேன். "யாரும் சொல்லல ஆன்ட்டி, சும்மாதான் கேட்டேன்" என்றாள். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அவள். எனக்குப் பிடித்திருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். அதனால்தான் திருவிழாவுக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்தாள். என் பெயரைச் சொல்லித் தடுத்துப் பார்த்தாய், அது நடக்கவில்லை என்றதும் சப்பாத்திலேயே கை வைத்துவிட்டாய். இன்னும் மருமகளே வரவில்லை, அதற்குள் எனக்கு மாமியார் வேஷம் கட்டி மேடையில் ஏற்றிவிட்டாயே, ஐயா!

திருவிழா அன்று நடந்ததை நீயே ஒருமுறை நினைத்துப் பார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சரியான கூட்டம், தோட்டத்து லய வீடுகளை இடித்த பிறகும் ஆண்டுக்கொரு முறை எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்துவிடுகிறார்கள். கார்களெல்லாம் செம்பனை மரங்களைத் தாண்டித் தார் ரோட்டோரம் நின்றன. அர்ச்சனைக்கு நாங்கள் வரிசையில் நிற்கும்போது "ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று நீ வெளியே போனாய். திரும்பி வந்து, சாமியைக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டாய். வெளியே வந்தால் ஷாமினியின் சப்பாத்து இல்லை. மலைபோல் கிடந்த செருப்பையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். நானும் குனிந்து தேடினேன். நீயும் தேடினாய். அதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை, நீயும் எங்களோடு குனிந்து தேடினாய்.

சனிக்கிழமை வேறு. சுற்றி நின்றவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "கோயில்ல செருப்பு போனா சனி தொலஞ்சதுன்னு அர்த்தம்மா, சந்தோஷமா வீட்டுக்குப் போ" என்றார் ஒருவர். "கல்யாணத்துக்கு முன்னாடி பீடையெல்லாம் போயிருச்சு, நல்ல சகுனம்" என்றார் இன்னொருவர். நானும்தான் சொன்னேன், அவள் முகம் வாடியிருந்ததால். அவள் அதை நம்பிக்கொண்டு சிரிக்க முயற்சி செய்தாள். வெயில் நெருப்பாகக் காய்ந்தது. வெறுங்காலோடு தார் ரோட்டில் கால் வைத்ததும் துள்ளினாள். ஒரே அளவு என்பதால் என் சிலிப்பரைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவளை அதட்டிப் போட வைத்தேன். நீ ஓடி வந்து "அம்மா, என் செருப்பப் போட்டுக்க" என்றாய். உன் செருப்பு எனக்குப் படகு மாதிரி இருக்கும், தடுக்கி விழுந்துவிடுவேன் என்று மறுத்துவிட்டேன். காரை இங்கே கொண்டுவா என்றால் கூட்டத்தில் வழி இல்லை என்றாய். கார் வரைக்கும் நடந்தேன். அன்று பாதத்தில் வந்த கொப்புளம் ஆறி, தோல் இப்போதுதான் உரிந்துகொண்டிருக்கிறது. நீ என் பக்கத்திலேயே நடந்து வந்தாய். என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாய். அந்தச் சப்பாத்து அதே காரில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

நீ கல்நெஞ்சக்காரன் இல்லை. அது எனக்குத் தெரியும். அப்போதுகூட நிழல் இருக்கிற பக்கமாகப் பார்த்துத்தான் என்னை நடத்திக் கூட்டிப் போனாய். ஒரு வார்த்தை அப்போது வாயில் வந்திருந்தால் எல்லாம் அந்த ரோட்டிலேயே முடிந்திருக்கும். வரவில்லை. வராதது மட்டும் இல்லை, அதற்கு மேலும் பூசி மெழுகினாய். அதே சப்பாத்தை மறுபடி வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, "அது ராசி இல்லாதது, தொலஞ்சு போனத திரும்ப வாங்கக் கூடாது" என்று சொன்னாயாம். அதற்குப் பதிலாக நீயே போய்ப் பொன் நிறத்தில் குதி வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தாயாம். போன வாரம் பத்திரிகை வைக்க என்னோடு வந்தபோது அதைத்தான் போட்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழற்றினாள். சுண்டு விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். "பழகிரும் ஆன்ட்டி. அவர் ஆசையா வாங்கித் தந்தது" என்றாள். அப்போது அவள் சப்பாத்து என் அலமாரியில், என் சேலைகளுக்குக் கீழே இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறக்காது என்று சொன்னேன் அல்லவா. உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, கத்தியதும் இல்லை. கல்யாணமான புதிதில் நான் தோட்டத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி ரவாங்கில் ஒரு பெக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீ வயிற்றில் வந்ததும் நின்றுவிட்டேன். நீ நடக்கத் தொடங்கியதும் மறுபடி சேர வேண்டும் என்று, கூட வேலை செய்த சரோஜாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் அப்போது போன் கிடையாது. என்னை லைன் லீடராகவே எடுத்துக்கொள்கிறார்கள், உடனே வரச் சொல்லுங்கள் என்று சரோஜா அப்பாவைப் பஸ் நிலையத்தில் பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்பா வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், உன்னைத் தூக்கிக் கொஞ்சினார். அதைச் சொல்லவே இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் "இப்ப ஆள் எடுக்கலையாம்" என்றார். நீ ஐந்தாம் படிவம் படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் சரோஜாவைப் பார்த்தேன். "ஏன்டி, வரவே மாட்டேன்னு சொல்லிட்டியாமே, அவ்ளோ ராங்கியா ஒனக்கு?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பிள்ள சின்னதா இருந்துச்சு. நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார்.

வேலை போனது எனக்குப் பெரிதில்லை, ஐயா. போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாத்திரத்தைப் போட்டு உடைத்திருப்பேன். தோற்றுக்கூடப் போயிருப்பேன், இல்லை பிள்ளை முகத்தைப் பார்த்து நானே வேண்டாம் என்றிருப்பேன். தடுத்தால் சண்டை போடலாம். காணாமல் போனால் யாரோடு சண்டை போடுவது? அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். பாவம், அவர் எடுத்திருக்க மாட்டார். இருந்தாலும் பார்க்கிறேன். ஆள் எடுக்கலையாம், பஸ் வரலையாம், டாக்டர் இல்லையாம் என்று அவர் எதைச் சொன்னாலும், உண்மையா என்று எனக்குள் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு ஓய்வே கிடையாது. எனக்கு இந்த அலுப்பு கேன்டீனில் நிற்பதால் வந்தது என்று நீங்களெல்லாம் நினைக்கிறீர்கள்.

அந்த அலுப்பு ஷாமினிக்கு வரக் கூடாது. ஒரு சப்பாத்துக்காகவா இவ்வளவு என்று நீ கேட்பாய். ஆமாம், சப்பாத்துக்காகத்தான். இன்றைக்குச் சப்பாத்து, நாளைக்கு அவளுக்கு வந்த ஒரு போன், நாளை மறுநாள் அவள் கேட்டு வைத்த வேலை. அத்தனையையும் நல்லதுக்குத்தான் என்று நீ ஸ்பேர் டயரோடு போட்டு மூடிவிடுவாய். உண்மையைச் சொன்னால் அவள் உன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று உனக்குப் பயம். போனாலும் போகலாம், ஐயா. அது அவள் இஷ்டம். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். அப்படி நடந்தால் மண்டபத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் நானே மறுபடி போய், ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். ராசா அத்தை வீட்டுக்கும் போகிறேன். எனக்குக் கஷ்டமாக இருக்கும், அழுவேன், ஆனால் செய்வேன். தெரியாமல் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி வருவதைப் பார்க்க மட்டும் என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வருகிறீர்கள். பாசிர் பெனம்பாங்கில் அப்பாவின் பழைய முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேவுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும், அதற்கு முன்னால் நம் வீட்டில் சாப்பாடு. நண்டுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். எது எப்படி ஆனாலும் சாப்பாடு இருக்கும், சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். ரவாங்கில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று இங்கே வந்து சேரும்வரை காரில் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ரேடியோவை நிறுத்திவிடு. அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று ஆரம்பிக்காதே, நான் எடுத்தேன் என்று ஆரம்பி. எனக்குப் பிடிக்காது என்று நீ சொன்னதும் பொய் என்று சொல்லிவிடு. அப்பாவிடமும் நான் பேசிவிட்டேன். "பாவம்டி அவன்" என்றார். பிறகு தானாகவே, "சொல்லட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சப்பாத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டேன். கயிற்றைத் தனியாகத் துவைத்துக் கம்பியில் காயப்போட்டு, அவள் கோத்திருந்த மாதிரியே கோத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வாசலில் பூச்சட்டிக்குப் பக்கத்தில், அவள் அன்றைக்கு வைத்த இடத்திலேயே ஜோடியாக வைப்பேன். நீ கேட்டைத் திறக்கும்போது நான் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். அழுதிருந்தால் சரி, சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். கோபமாக இருந்தாலும் சரி. ஆனால் அவள் அந்தப் பொன் நிறச் செருப்பில் நொண்டிக்கொண்டே சிரித்தபடி இறங்கி வந்து, சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ ஆன்ட்டி, கெடச்சிருச்சா! எங்க இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டால், நான் சொல்லிவிடுவேன், ஐயா.

அம்மா